ஒரு நாள், ஒரு தீவு: நம் கடலை நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்

 

விடுமுறை வந்துவிட்டால் நம் மஹல்லாக்களில் வேன் பேசுவது வழக்கமாகிவிட்டது. பஜ்ருக்குப் பின் புறப்பட்டு நள்ளிரவில் திரும்பும் ஒருநாள் சுற்றுலா. குலசேகரன்பட்டினத்திலிருந்தும் அக்கம் பக்கத்து ஊர்களிலிருந்தும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் செல்லும் குடும்பங்களின் பட்டியல் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: ஏர்வாடி, பாம்பன் பாலம், பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவகம், தனுஷ்கோடி, நேரம் கிடைத்தால் ஒரு படகுச் சவாரி. ஐந்து இடங்கள், பதினெட்டு மணி நேரம், அதில் பாதிக்கு மேல் வண்டிக்குள். திரும்பி வந்த பிள்ளையிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால், பதில் சொல்லத் தெரியாமல் கைப்பேசியை எடுத்து நீட்டுகிறது.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆண்டுக்கு ஒரு நாள் போதும். ஆனால் அந்த ஒரு நாளை ஒரே இடத்துக்குக் கொடுங்கள். அந்த இடம், நம் வாசலிலேயே கிடந்தும் நாம் அறியாத மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக இருக்கட்டும். அங்கே செல்வதற்கும் அங்கே நடந்துகொள்வதற்கும் நம் மார்க்கத்தில் தெளிவான வழிகாட்டல் உண்டு. அதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுற்றிப் பார்ப்பது வீண் வேலையா?

"பொழுதைப் போக்க இவ்வளவு செலவா? அந்த நேரத்தில் நான்கு பக்கம் ஓதலாமே" என்று கேட்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய கேள்வியில் அக்கறை இருக்கிறது. எனினும் நம் முன்னோரான ஃபிக்ஹு அறிஞர்கள் இதை எப்படி அணுகினார்கள் என்று பார்ப்பது நல்லது.

நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், பயணி தொழுகையைச் சுருக்கித் தொழுவதற்குப் பயணம் நீண்டதாகவும் ஆகுமானதாகவும் இருக்க வேண்டும். அதற்கு முறையான ஒரு நோக்கமும் இருக்க வேண்டும். பிற்கால நூல்களில் ஒரு நுட்பமான விவாதம் வருகிறது. வெறுமனே ஊர் ஊராகப் பார்த்துத் திரிவது மட்டுமே ஒருவருடைய எண்ணமாக இருந்தால் அது முறையான நோக்கமாகாது என்று அறிஞர் பலர் எழுதினர். ஆனால் மனத்தின் களைப்பு நீங்க, இயற்கையின் நடுவே இளைப்பாறச் செல்வதை முறையான நோக்கமாக ஏற்றனர். அரபியில் இதனைத் 'தனஸ்ஸுஹ்' என்பார்கள். விவரங்களில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அந்த வேறுபாட்டின் உள்ளே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. கால்கள் அலைவது வேறு, உள்ளம் இளைப்பாறுவது வேறு என்பதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே நாளில் ஐந்து இடங்களைத் தொட்டுவிட்டு ஓடிவரும் நம் வேன் பயணம் இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ளலாம்.

பூமியில் பயணம் செய்து பாருங்கள், சிந்தியுங்கள் என்ற கட்டளை திருக்குர்ஆனில் பல இடங்களில் வருகிறது. பார்ப்பதும் சிந்திப்பதும் அங்கே ஒன்றாகவே சொல்லப்படுகின்றன.

நம் வாசலில் இருக்கும் பூங்கா

தேசியப் பூங்கா என்றதும் யானையும் புலியும் உலவும் காடுதான் நம் நினைவுக்கு வருகிறது. முதுமலைக்கும் தேக்கடிக்கும் போக ஆசைப்படுகிறோம். ஆனால் தூத்துக்குடிக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே, கரையிலிருந்து பெரும்பாலும் பத்து கிலோமீட்டருக்குள், 21 சிறு தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலையும் சேர்த்து 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஏறத்தாழ 560 சதுர கிலோமீட்டர் பரப்பு. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாக அத்தீவுகளைப் பிரித்துச் சொல்வர். 1989-இல் இராமேசுவரம் முதல் கன்னியாகுமரி வரையுள்ள கடலில் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் நம் குலசேகரன்பட்டினத்தின் கரையும் அதனுள் அடங்கும். 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இது சேர்ந்தது.

அங்கே என்ன இருக்கிறது? அறிவியலாளர்கள் 3,600-க்கும் மேற்பட்ட உயிரினங்களைக் கணக்கிட்டிருக்கிறார்கள். பவளங்களில் மட்டும் 117 இனங்கள். கடற்புல் வெளிகள், அவற்றை மேய்ந்து வாழும் கடற்பசு, ஆமைகள், கடற்குதிரைகள், கடல் அட்டைகள், சங்கு, முத்துச்சிப்பி எல்லாம் இங்கே உண்டு.

மத்ரஸாவில் சூரா அர்ரஹ்மானைப் பாடம் நடத்தும்போது முத்தும் மர்ஜானும் வரும் இடத்தில் நாம் சற்று நிறுத்துவோம். மர்ஜான் என்றால் சிறு முத்து என்று விளக்கிய முஃபஸ்ஸிர்களும் உண்டு. பவளம் என்று விளக்கியோரும் உண்டு. பவளத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று பிள்ளைகளிடம் கேட்டால், உம்மாவின் மாலையில் பார்த்திருக்கிறோம் என்பார்கள். நகையில் கோக்கும் செம்பவளம் வேறு கடல்களின் ஆழத்திலிருந்து வருவது. நம் கடலில் பாறை கட்டி வாழும் பவளம் வேறு. குண்டூசித் தலையளவே இருக்கும் எத்தனையோ உயிர்கள், கடல்நீரிலிருந்து சுண்ணத்தைப் பிரித்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய ஊர் அது. அந்த ஊருக்குள் மீன்கள் முட்டையிடுகின்றன, குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. புயலில் எழும் அலை முதலில் அதன்மேல் மோதி வேகம் தணிந்த பிறகே நம் கரைக்கு வருகிறது. முத்தையும் மர்ஜானையும் தன் அருட்கொடைகளாகப் பெயர் சொல்லி எண்ணிக் காட்டுகிறான் இறைவன். அவை விளையும் கடலின் ஓரத்திலேயே பிறந்த பிள்ளைகள் அவற்றை ஒருமுறையும் காணாமல் வளர்கிறார்கள்.

கடலோடிகளின் பேரர்கள்

இந்தக் கடலுக்கும் நமக்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று. காயல் துறைமுகத்தின் வணிகத்தை மார்க்கோ போலோ பதிமூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். காயலிலும் கீழக்கரையிலும் மரக்கலம் ஓட்டியவர்கள் மரைக்காயர் என்று பெயர் பெற்றார்கள். முத்துச் சலாபம் கூடியபோது பரதவச் சகோதரர்களோடு முஸ்லிம் குளியாட்களும் மூழ்கினார்கள். கீழக்கரையின் குளியாட்கள் இலங்கைக் கரையின் சலாபங்களுக்கும் சென்றார்கள். காலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி, மேலே கயிறு பிடித்து நிற்பவரை நம்பி ஆழத்துக்கு இறங்கியவர்கள் அவர்கள். எந்தப் பாரில் சிப்பி முதிர்ந்திருக்கிறது, கச்சான் காற்று எப்போது எழும், வாடை எப்போது தணியும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961-இல் நடந்தது. அதன் பிறகு சிப்பி பெருகவில்லை. முத்துக்குளிப்பு நின்றே போயிற்று.

இன்று நம் இளைஞர்கள் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். அது அவர்களின் ரிஸ்க். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடலை அறிந்த ஒரு சமூகம் இரண்டு தலைமுறைக்குள் கடலைப் படமாக மட்டுமே பார்க்கும் சமூகமாக மாறிவிட்டது. தெரியாத ஒன்றின்மீது அன்பு பிறக்காது. அன்பு இல்லாத இடத்தில் அமானத் என்ற எண்ணமும் தங்காது.

மறைந்த இரண்டு தீவுகள்

பூங்காவில் 21 தீவுகள் என்றோம். அவற்றில் இரண்டு இன்று நீருக்கு அடியில் இருக்கின்றன. தூத்துக்குடிப் பக்கத்தில் விலாங்குசல்லி, கீழக்கரைப் பக்கத்தில் பூவரசன்பட்டி. சுற்றியிருந்த பவளப் பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டட வேலைக்கும் ஆலைகளுக்கும் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தார்கள். அரண் போனபின் அலை நேரே மணலை அரித்தது. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவும் அவ்வாறே கரைந்து சுருங்கியது. அதைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்ந்தன. 2004 டிசம்பரில் சுனாமி வந்த பிறகுதான் பாறை வெட்டுவது முற்றாக நின்றது. அதற்குப் பின்னும் 2010-இலும் 2016-இலும் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானபோது பவளங்கள் நிறமிழந்து வெளுத்தன, பல மடிந்தன.

வரம்பு மீறாதீர்கள், பூமியில் சீரழிவு செய்யாதீர்கள் என்று குத்பாவில் கேட்டுத் தலையசைத்து வருகிறோம். அந்த வார்த்தைகளின் பொருள் விளங்க வேண்டுமென்றால், ஒரு காலத்தில் தீவு இருந்த இடத்தில் இன்று அலை மட்டும் புரள்வதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

பாதுகாக்கப்பட்ட நிலம் நமக்குப் புதிதா?

1872-இல் அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நம் நாட்டில் முதலாவது 1936-இல் இமயமலை அடிவாரத்தில் அமைந்தது; இன்று அதன் பெயர் கார்பெட் பூங்கா. இவற்றைப் படிக்கும் நம் மாணவர், காட்டையும் விலங்கையும் வேலியிட்டுக் காப்பது மேற்கிலிருந்து வந்த எண்ணம் என்று கருதிவிடுகிறார்.

மக்காவும் மதீனாவும் ஹரம் எல்லைகள். அங்கே மரத்தை வெட்டுவதும் வேட்டைப் பிராணியை விரட்டுவதும் தடுக்கப்பட்டவை. இவை தவிர 'ஹிமா' என்று ஓர் ஏற்பாடும் இருந்தது. அறியாமைக் காலத்தில் ஒரு குலத்தலைவன் மேட்டில் நின்று தன் நாயைக் குரைக்கச் செய்வான்; அந்தக் குரல் எட்டும் தூரம்வரை புல்வெளி அவனுக்கே சொந்தம், பிறர் நுழையக் கூடாது. அண்ணலெம் பெருமானார் (ஸல்) அவர்கள் அந்தத் தனியார் ஆதிக்கத்தை ஒழித்தார்கள். அல்லாஹ்வுக்காகவும் அவன் தூதருக்காகவும், அதாவது பொதுநன்மைக்காக மட்டுமே நிலத்தை ஒதுக்கிக் காக்கலாம் என்று ஆக்கினார்கள். மதீனாவுக்கு அருகில் நகீஃ என்னும் இடத்தை அவ்வாறு ஒதுக்கினார்கள்.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஹிமாக்கள் விரிந்தன. அதன் பொறுப்பாளராக நியமித்த தம் ஊழியர் ஹுனைய் என்பவருக்கு அவர்கள் செய்த உபதேசம் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. அதன் கருத்து இது: மக்களிடம் மென்மையாக நடந்துகொள், அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனைக்கு அஞ்சு. சில ஒட்டகமும் சில ஆடும் மட்டுமே உள்ள ஏழையை உள்ளே விடு. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி) போன்ற செல்வந்தர்களின் மந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கையாக இரு. அவர்களின் கால்நடை அழிந்தால் பேரீச்சந் தோப்பும் வயலும் அவர்களுக்கு உண்டு. ஏழையின் கால்நடை அழிந்தால் அவர் பிள்ளைகளோடு வந்து என் முன் நிற்பார். இது அவர்களுடைய மண். நான் தங்களுக்கு அநீதி செய்துவிட்டதாக அவர்கள் எண்ணக்கூடும்.

பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முந்திய இந்த உபதேசத்தை மன்னார் வளைகுடாவின் கரையில் நின்று படித்துப் பாருங்கள். தீவுகள் பூங்காவாவதற்கு முன் சிறு படகு மீனவர்கள் அங்கே ஒதுங்கினார்கள், வலை உலர்த்தினார்கள். பெண்கள் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி எடுத்துக் குடும்பம் நடத்தினார்கள். வேலி வந்தபோது முதலில் தடுக்கப்பட்டவர்கள் இந்த ஏழைகளே. அடிக்கடலைச் சுரண்டும் பெரும் இழுவலைக்கும் மூச்சை அடக்கிப் பாசி பறிக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல் வைப்பது, உமர் (ரலி) அவர்களின் அளவுகோலன்று. பாம்பன் அருகே சின்னப்பாலத்துப் பாசி சேகரிக்கும் பெண்கள், கடல் தழைக்கட்டும் என்று தாங்களே கூடிப் பேசி மாதத்தில் குறிப்பிட்ட சில நாள்கள் மட்டும் இறங்குவது என்று கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீக்காலஜி என்னும் பன்னாட்டு அமைப்பின் பரிசு கிடைத்தது. கடலைக் காப்பவர்கள் கடலால் வாழ்பவர்களாகவே இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆகவே சுற்றுலா செல்லும் நாம் பூங்காவை ஆதரிக்கிறோம். அதே வாயால் அந்த எளியவர்களின் உரிமையையும் பேசுகிறோம். ஒன்றை விட்டு ஒன்றைப் பேசினால் நீதி குறைபட்டதாகிவிடும்.

"ஹலால்தானே?" என்ற கேள்வி

நம்மவர் சிலரிடம் ஒரு பேச்சு உண்டு. "கடலில் உள்ளதெல்லாம் ஹலால் என்று மார்க்கம் சொல்லியிருக்க, கடற்பசுவைத் தொடாதே, கடல் அட்டையைப் பிடிக்காதே என்று அரசு எப்படிச் சொல்லலாம்?" என்பது அது. கடற்பசுவின் இறைச்சி ஒரு காலத்தில் இக்கரையில் உண்ணப்பட்டது என்பது மறைக்க வேண்டிய செய்தியன்று. ஆனால் ஒரு பொருள் ஆகுமானது என்பதற்கு, அதை அழியும்வரை எடுக்கலாம் என்று பொருளில்லை. ஆகுமான ஒன்றைப் பொதுநன்மை கருதி ஆட்சியாளர் கட்டுப்படுத்தினால் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதே ஃபுகஹாக்களின் வழி. புல்லும் ஹலால்தான், ஆயினும் ஹிமாவின் புல்லுக்குக் காவல் இருந்தது. இஹ்ராமில் இருப்பவருக்கு மான் கறியின் தன்மை மாறிவிடவில்லை. ஆயினும் வேட்டை தடை. கடற்பசுவைக் காப்பதற்கென்றே 2022-இல் பாக் நீரிணையில் தனிக் காப்பகம் அறிவிக்கும் நிலை வந்திருக்கிறது என்றால், அவ்வினம் எவ்வளவு அருகிவிட்டது என்பதை உணரலாம்.

அந்த ஒரு நாளை எப்படி அமைப்பது?

கருத்தை மட்டும் சொல்லிவிட்டு நடைமுறையை விட்டுவிடுவது ஆசிரியருக்கு அழகன்று. எனவே சில யோசனைகள்.

முதலாவது, காலம். தென்மேற்குக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் வளைகுடாவில் கடல் கொந்தளிக்கும், நீரும் கலங்கும். தை, மாசி மாதங்களில் கடல் அமைதியாக இருக்கும். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்து விடுங்கள். ஜுமுஆ கடமையானவர், அதைத் தவறவிடும் வகையில் பஜ்ருக்குப் பின் பயணம் புறப்படுவது நம் மத்ஹபில் கூடாது.

இரண்டாவது, இடம். தீவுகளில் அனுமதியின்றிக் கால் வைப்பது குற்றம். பாம்பன் தீவின் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. கடல்வாழ் உயிர்களைப் படிப்போருக்கு நெடுங்காலமாகவே அத்தீவு ஒரு திறந்த பாடசாலை. படகு உண்டா, எத்தனை பேருக்கு இடம் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். படகில் ஏறும்போது உயிர்காப்பு உடையை அணிய வெட்கப்படாதீர்கள். அங்கே சென்றபின் தனுஷ்கோடிக்கு ஓட வேண்டும், பாலத்தில் நின்று படம் எடுக்க வேண்டும் என்ற அவசரத்தை விட்டுவிடுங்கள். பாதி நாள் ஒரே கரையில் அமர்ந்திருந்தால் நீர் ஏறுவதையும் வடிவதையும் பிள்ளை பார்க்கும். நண்டு தோண்டிய வளையையும் கடற்புல் ஒதுங்கிய வரியையும் அதுவே கண்டுபிடிக்கும். பிறகு அது கேட்கும் கேள்விகளுக்கு நாம் பதில் தேட வேண்டியிருக்கும். அதுதான் கல்வி.

மூன்றாவது, தொழுகை. குலசேகரன்பட்டினத்திலிருந்து பாம்பன் 200 கிலோமீட்டருக்கு மேல். எனவே லுஹரையும் அஸரையும் சுருக்கி, சேர்த்துத் தொழும் சலுகை உண்டு. ஊர் எல்லையைக் கடந்த பின்னரே சலுகை தொடங்கும். முழுமையாகத் தொழும் உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் நாமும் முழுமையாகவே தொழ வேண்டும். உளூவுக்குத் தண்ணீர் இல்லை என்று தயங்க வேண்டாம். எதிரில் கடல் இருக்கிறது. கடலோடிகள் வந்து, குடிநீரைச் செலவிட்டால் தாகத்துக்கு இல்லாமல் போகும், கடல்நீரில் உளூச் செய்யலாமா என்று கேட்டபோது, அது தூய்மை தரும் நீர் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தெளிவாக்கினார்கள். கடலோடிகளின் வழிவந்த நாம் அந்த ஹதீஸை வாழ்வில் ஒருமுறையேனும் கையால் அனுபவிக்க வேண்டாமா? கடற்கரை மணலில் குடும்பத்தோடு ஜமாஅத்தாக நின்று தொழுத அந்த இரண்டு ரக்அத் பிள்ளைகளின் நினைவில் நெடுநாள் நிற்கும்.

நான்காவது, குப்பை. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாகக் கற்றவர்கள் நாம். வீட்டிலேயே சோறு கட்டிக்கொண்டு போங்கள். தண்ணீரைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துச் செல்லுங்கள். நெகிழிப் பை காற்றில் பறந்து கடலில் விழுந்தால், அதை உணவென்று எண்ணி ஆமை விழுங்கும். கொண்டு சென்றதை எல்லாம் திரும்பக் கொண்டு வாருங்கள். பவளத் துண்டு, உலர்ந்த கடற்குதிரை முதலியவற்றை யாரேனும் நினைவுப் பொருளாக நீட்டினால் வாங்காதீர்கள். வாங்கும் கை இருக்கும்வரை பறிக்கும் கையும் இருக்கும். தீவில் கண்ட சிப்பியைத் தீவிலேயே விட்டுவிடப் பிள்ளைகளைப் பழக்குங்கள். காசைச் செலவிட விரும்பினால் உள்ளூர் மீனவர் வீட்டுப் பெண்கள் விற்கும் உணவையும் கருவாட்டையும் வாங்குங்கள். அவர்களின் அடுப்பு எரியட்டும்.

ஐந்தாவது, யார் போவது? நம் ஊர்களில் பெண்களின் பயணம் திருமண வீட்டோடும் மருத்துவமனையோடும் முடிந்துவிடுகிறது. உம்மாவும் பெரியம்மாவும் வீட்டுக் காவலுக்கு, மற்றவர்கள் சுற்றுலாவுக்கு என்ற வழக்கத்தை மாற்றுங்கள். மஹ்ரமான துணையோடும் கண்ணியமான உடையோடும் செல்லும் அவர்களுக்கும் அல்லாஹ்வின் கடல் திறந்தே இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு பெருமானார் (ஸல்) அவர்கள் பயணத்தில் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தியை நாம் மறந்துவிடக் கூடாது. அவ்வாறே, வேன் கட்டணம் கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது. ஸகாத் பணத்தை இதற்குத் தொட முடியாது. அதற்குரிய எட்டு வகையினர் வரையறுக்கப்பட்டவர்கள். ஆனால் பொதுவான ஸதகாவிலிருந்து ஒரு மத்ரஸா தன் மாணவர் அனைவரையும் ஆண்டுக்கு ஒருமுறை அழைத்துச் செல்வதற்குத் தடை எதுவுமில்லை. ஜமாஅத் நிர்வாகிகள் இதை யோசிக்க வேண்டும்.

ஏன் இப்போதே?

நம் கரை வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் அது அமைகிறது. சிறிய செயற்கைக்கோள்களை, இலங்கையைச் சுற்றி வளைக்காமல் நேராகத் தெற்கே ஏவலாம் என்பதால் நம் ஊர் தேர்வானது. இராமேசுவரத்தில் ஒரு படகோட்டியின் மகனாகப் பிறந்த கலாம் ஏவுகணை அறிவியலில் உயர்ந்ததை எண்ணி மகிழும் நாம், நம் பிள்ளைகளும் அந்த வாசலுக்குள் பொறியாளராக நுழைய வேண்டும் என்று துஆச் செய்கிறோம். அதே வேளையில், ஏவும் நாள்களில் கடலில் வரும் கட்டுப்பாடுகள், சிறு படகுகளின் பிழைப்பு, ஆமை முட்டையிடும் மணல் ஆகியவற்றைப் பற்றிக் கேள்வி கேட்கவும் ஆட்கள் வேண்டும். கடலை ஒருமுறையும் உற்றுப் பார்க்காத தலைமுறை எந்தக் கேள்வியைக் கேட்கும்? யாருக்காகக் கேட்கும்?

ஒரு நாளில் எல்லாம் மாறிவிடாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு பிள்ளை பவளத்தை உயிரோடு ஒருமுறை பார்த்துவிட்டால், அர்ரஹ்மானை ஓதும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அதன் குரல் சற்றே தயங்கும். வளர்ந்து ஒப்பந்தக்காரரானாலும் அதிகாரியானாலும், பாறையை வெட்டவும் சாயக் கழிவைக் கடலில் விடவும் கையொப்பம் கேட்டு யாரேனும் வரும்போது அந்தத் தயக்கம் மீண்டும் வரும், இன்ஷா அல்லாஹ். ஒருநாள் பயணத்திலிருந்து நாம் எதிர்பார்ப்பது அவ்வளவே.

தன் படைப்பைக் கண்ணால் கண்டு, கருத்தால் உணர்ந்து, கையால் காக்கும் நல்லடியார்களாக வல்ல ரஹ்மான் நம்மையும் நம் சந்ததிகளையும் ஆக்கியருள்வானாக! கடலை நம்பி வாழும் எளியோரின் ரிஸ்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.